கையடக்க டிஜிட்டல் கேமராவில் ஒளிப்படக் கலை பயிலும் முறை

சட்டைப்பையில் அடங்கிவிடும் சிறிய டிஜிட்டல் கேமராவை வைத்துக்கொண்டு ஒளிப்படக் கலையைக் கற்க முடியுமா என்று தயங்குபவர்கள் பலர். தாராளமாகக் கற்கலாம். லென்சைக் கழற்றி மாற்ற முடியாத, பெரும்பாலான முடிவுகளைத் தானே எடுத்துக்கொள்ளும் இந்தக் கருவியிலும், எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது, சட்டகத்துக்குள் எதை வைப்பது, எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவது என்ற நான்கும் முழுக்க நம் கையிலேயே இருக்கின்றன. ஒரு படம் நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் இந்த நான்கைப் பொறுத்ததே. எஞ்சியவற்றைக் கேமரா முடிவு செய்கிறது. அது எதை வைத்து முடிவு செய்கிறது, எந்த இடங்களில் தவறுகிறது, தவறும்போது அதை எப்படி நம் வழிக்குக் கொண்டுவருவது என்பவற்றைத் தெரிந்துகொண்டால், இந்த எளிய கருவியே மிக நல்ல ஆசிரியராக அமையும்.

படம் எடுக்கத் தொடங்கும் முன் மெனுவில் சிலவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். படத்தின் அளவை இருப்பதிலேயே பெரியதாகவும், தரத்தை உயர்ந்ததாகவும் வையுங்கள். ஆறுக்கு நான்கு அங்குலப் பிரதி ஒன்றுக்கு 1800-க்கு 1200 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும் என்றாலும், எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிப் பார்ப்பதும் கற்றலின் ஒரு பகுதி என்பதால் கூடுதல் புள்ளிகள் உதவும். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை, அதைக் கணினியிலேயே செய்துகொள்ளலாம். படத்தின் மூலையில் தேதி அச்சிடும் வசதியை நிறுத்துங்கள். ஆனால் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடட்டும், ஏனெனில் தேதியும் நேரமும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனியாகப் பதிவாகின்றன. மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதாவது அதிலுள்ளவற்றை முழுதும் அழித்துப் புதிதாகத் தயார்செய்யுங்கள். திரையில் கட்டக்கோடுகளைக் காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேமராவில் 'பி' என்ற எழுத்தால் குறிக்கப்படும் புரோகிராம் முறை இருந்தால் அதிலேயே பழகுங்கள். ஆட்டோவைப் போலவே லென்சின் துளையையும் ஷட்டர் வேகத்தையும் கேமராவே பார்த்துக்கொண்டாலும், ஃபிளாஷ், மங்கிய இடத்திலும் படம் ஒளிர உதவும் ஐஎஸ்ஓ, படத்தின் ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்சத் திருத்தம், நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆகியவற்றை அது நம்மிடம் விட்டுவிடுகிறது. பல கேமராக்கள் ஆட்டோ முறையில் இவற்றில் பலவற்றைப் பூட்டிவைத்திருப்பதால், அங்கேயே நின்றுவிட்டால் கற்பதற்கு அதிகம் இராது.

அரை அழுத்தம்

முதலில் விரலுக்குப் பழக வேண்டியது ஷட்டர் பொத்தானின் அரை அழுத்தம். அந்தப் பொத்தானுக்கு இரண்டு நிலைகள் உண்டு. மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் சிறு தடை தெரியும். அங்கே விரலை நிறுத்தினால், கேமரா ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தை அளந்து, இரண்டையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். திரையில் பச்சைக் கட்டம் தோன்றுவது அதற்கான அடையாளம். விரலை எடுக்காமல் மேலும் அழுத்தும்போதுதான் படம் பதிவாகிறது. இதை அறியாமல் ஒரேயடியாக அழுத்துபவர்கள்தான், சிரிப்பு மறைந்த பிறகே படம் விழுகிறது என்று குறைப்படுகிறார்கள். அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி ஃபோகஸ் செய்ய ஆகும் நேரமே. அரை அழுத்தத்தில் அதை முன்கூட்டியே முடித்துவிட்டுக் காத்திருந்தால், வேண்டிய கணத்தில் கேமரா உடனே இயங்கும்.

இருவர் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஃபோகஸ் கட்டம் சட்டகத்தின் நடுவில் இருப்பதால் அது இருவருக்கும் இடையிலுள்ள வெளியில் விழுந்து, பின்னாலுள்ள சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் தெளிவாகவும் முகங்கள் மங்கலாகவும் வருகின்றன. இதைத் தவிர்க்க, முதலில் ஒருவரின் முகத்தை நடுவில் வைத்து அரை அழுத்தம் கொடுங்கள். பச்சைக் கட்டம் வந்ததும், விரலை அசைக்காமல் கேமராவைச் சற்றுத் திருப்பி இருவரையும் சட்டகத்துக்குள் கொண்டுவந்து, பிறகு முழுதாக அழுத்துங்கள். இடையில் நீங்கள் முன்னாலோ பின்னாலோ நகரக் கூடாது, ஏனெனில் பிடித்துவைத்திருப்பது அந்தத் தொலைவைத்தான். ஓடிவரும் குழந்தையைப் படமெடுக்கவும் இதே வழி பயன்படும்: அது கடந்து செல்லப்போகும் இடத்திலுள்ள தரையில் முன்னதாகவே ஃபோகஸைப் பிடித்துவைத்துக் காத்திருக்கலாம். வெறுமையான சுவரிலும் மங்கிய இடத்திலும் பச்சைக் கட்டம் வராமல் கேமரா தடுமாறினால், அதே தொலைவில் நிறமோ வெளிச்சமோ மாறும் ஒரு விளிம்பைத் தேடி அதில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுதல்

மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடத் தகுந்தது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒளிப்படம் என்பது பொருளைப் பதிவு செய்வதாக நமக்குத் தோன்றினாலும், கேமராவுக்குள் போவது அந்தப் பொருளின்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டுமே. ஆகவே, ஒரு காட்சி கண்ணில் பட்டதும், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, அது கடுமையானதா மென்மையானதா, நிழல்கள் எங்கே விழுகின்றன என்று கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் கேமரா கையில் இல்லாத வேளையிலும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு சன்னல் போதும். நேரடி வெயில் விழாத சன்னல் ஒன்றின் அருகே ஒருவரை உட்காரவைத்து, அறை விளக்குகளையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். அவர் சன்னலை நேராகப் பார்க்க, நீங்கள் சன்னலுக்கு முதுகு காட்டி நின்று ஒரு படம் எடுங்கள்: முகம் முழுவதும் ஒரே அளவில் ஒளிர்ந்து, தட்டையாகத் தெரியும். அடுத்து, சன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பச் சொல்லுங்கள்: ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் நிழலிலும் விழ, மூக்கின் மேடும் கண்குழியும் துலங்கி முகத்துக்குத் திரட்சி கிடைக்கும். நிழல் மிகக் கருத்துப்போனால், அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையோ துணியையோ பிடித்துப் பாருங்கள்; அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலை இளக்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு அவரைச் சன்னலிலிருந்து இரண்டடி பின்னால் நகர்த்துங்கள். வெளிச்சம் குறைவதோடு நிழலின் விளிம்பும் கூர்மையடையும், ஏனெனில் ஒளி வரும் பரப்பு முகத்துக்குப் பெரிதாகத் தெரியும் அளவுக்கு நிழல் மென்மையாகவும், சிறிதாகத் தெரியும் அளவுக்குக் கடுமையாகவும் விழுகிறது. மேகம் மூடிய வானம் முகங்களுக்கு உகந்ததாக இருப்பதற்கும், உச்சி வெயில் கண்களுக்குக் கீழே கரிய நிழல்களை உண்டாக்குவதற்கும் இதுவே காரணம். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து வருவதால் சுவரின் சொரசொரப்பும் தரையின் மேடுபள்ளமும் எழுந்து தெரியும்.

கேமரா வெளிச்சத்தை அளக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சோதனை செய்யலாம். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஃபிளாஷை அணைத்து, ஒரு வெள்ளைத் தாளைச் சட்டகம் முழுதும் நிரம்பும்படி எடுங்கள். அடுத்து ஒரு கறுப்புத் துணியை அதேபோல எடுங்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தாளும் சாம்பல் நிறம், துணியும் சாம்பல் நிறம். கேமராவுக்குத் தாளும் தெரியாது, துணியும் தெரியாது. எதிரில் உள்ளது எதுவானாலும் அதன் சராசரி நடுத்தர ஒளிர்வில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளையைக் குறைத்தும் கறுப்பைக் கூட்டியும் அந்த நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பனி மூடிய நிலமும் மணற்பரப்பும் மங்கிப்போவதும், இருண்ட மேடையில் நிற்பவரின் முகம் வெளிறிப்போவதும் இதனால்தான்.

இதைத் திருத்துவதற்கென்றே கூட்டல், கழித்தல் குறிகள் சேர்ந்த பொத்தான் ஒன்று பெரும்பாலான கேமராக்களில் உள்ளது. சிலவற்றில் அது மெனுவுக்குள் இருக்கும். வெளிச்சத் திருத்தம் எனப்படும் இது மூன்றில் ஒரு படியாக ஏறி இறங்கும். ஒரு முழுப் படி கூட்டினால் பதிவாகும் ஒளி இரண்டு மடங்காகும், ஒரு படி குறைத்தால் பாதியாகும். வெள்ளைத் தாளை ஒரு படிக்கு மேல் கூட்டியும், கறுப்புத் துணியை ஒரு படிக்கு மேல் குறைத்தும் மறுபடி எடுத்துப் பாருங்கள். தாள் வெள்ளையாகவும் துணி கறுப்பாகவும் வரும். சாதாரணக் கேமராவில் கற்பவருக்கு இதைவிட வலிமையான கருவி வேறில்லை. ஒளிர்வான காட்சிக்குக் கூட்ட வேண்டும், இருண்ட காட்சிக்குக் குறைக்க வேண்டும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். இந்தச் சோதனையைச் செய்தவருக்கு அந்தக் குழப்பம் வராது. வேலை முடிந்ததும் திருத்தத்தைச் சுழிக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், ஏனெனில் பல கேமராக்கள் அணைத்துப் போட்ட பிறகும் அதை நினைவில் வைத்திருக்கும்.

திருத்தம் சரியாக அமைந்ததா என்பதை வெயிலில் திரையைப் பார்த்து முடிவுசெய்வது கடினம். அதற்கு ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். அதன் இடப்புறம் இருண்ட பகுதிகளையும் வலப்புறம் ஒளிர்வான பகுதிகளையும் குறிக்கும். வலது ஓரத்தில் வரைபடம் முட்டிக்கொண்டு நின்றால், மேகத்திலோ வெள்ளை ஆடையிலோ விவரங்கள் அழிந்து வெறும் வெண்மை மட்டும் பதிவாகியிருக்கிறது என்று பொருள். அப்படி அழிந்தவற்றைப் பின்னர் மீட்க முடியாது. ஓரளவு இருண்ட நிழலைக் கணினியில் சற்று மேலே கொண்டுவர முடியும். ஆகவே ஐயம் எழும்போது சிறிது குறைத்தே எடுங்கள்.

துளை, வேகம், ஐஎஸ்ஓ

வெளிச்சத்தின் அளவைக் கேமரா மூன்று வழிகளில் கட்டுப்படுத்துகிறது: கண்ணின் பாவையைப் போல விரிந்து சுருங்கும் லென்சின் துளை, சென்சாரில் (ஒளியை வாங்கிப் படமாகப் பதியும் சில்லு) ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகம், சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ. அரை அழுத்தத்தின்போது இந்த எண்களைத் திரையில் படித்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எஃப் 2.8 என்பது விரிந்த துளை, எஃப் 8 என்பது சுருங்கிய துளை. எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறுக்கும்.

கையடக்கக் கேமராக்களில் பரவலாகக் காணப்படும் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது. 35 மி.மீ. ஃபிலிமின் சட்டகம் 36-க்கு 24 மி.மீ. என்பதால், பரப்பளவில் இது அதன் முப்பதில் ஒரு பங்குதான். இந்தச் சிறுமையிலிருந்தே கேமராவின் குணங்கள் பலவும் பிறக்கின்றன. சென்சார் சிறிதானால் லென்சின் குவியத் தொலைவும் (எவ்வளவு அகலமான காட்சி சட்டகத்தில் அடங்கும் என்பதை மி.மீ. கணக்கில் காட்டும் அளவு) சிறிதாகிறது, 35 மி.மீ. கணக்கில் 28 மி.மீ. லென்சுக்கு இணையான அகலக் கோணத்தை இது வெறும் 5 மி.மீ. அளவில் தருகிறது. அதனால் இரண்டு மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தாலே, ஏறத்தாழ ஒரு மீட்டரில் தொடங்கித் தொலைவிலுள்ள மலை வரை எல்லாம் தெளிவாக விழும். நிலக்காட்சிக்கும் தெருக்காட்சிக்கும் இது பெரிய வசதி. பின்புலத்தை மங்கலாக்க விரும்புபவருக்கு இதுவே தடை. அப்போது செய்யக்கூடியவை மூன்று: ஜூமை நீட்டுவது, பொருளுக்கு இயன்ற அளவு அருகில் செல்வது, பின்புலம் வெகு தொலைவில் இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பது. இம்மூன்றும் சேர்ந்தாலும் முழு உருவப் படத்தில் பின்புலம் கரைந்துவிடாது. பின்புலத்தை மறைக்க முடியாத நிலையில் நல்ல பின்புலத்தைத் தேடிப் போவதே வழி என்பதால், கற்பவரின் கண் தேர்ச்சி பெறுகிறது.

சென்சார் சிறிதாக இருப்பதன் இன்னொரு விளைவு, ஐஎஸ்ஓ ஏறும்போது படத்தில் பரவும் பொடிப்பொடியான இரைச்சல். ஐஎஸ்ஓ 100-லும் 200-லும் தெளிவாக வரும் படம், 800-ஐத் தாண்டும்போது தலைமுடியும் துணியின் இழையும் குழைந்தாற்போல ஆகிவிடும். ஒரே காட்சியை ஒவ்வொரு ஐஎஸ்ஓ அளவிலும் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து, உங்கள் கேமராவில் எதுவரை போகலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இருப்பினும், ஐஎஸ்ஓவைத் தாழ்த்திவைப்பதற்காகக் கை அசைந்த படத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது. இரைச்சலுள்ள படம் படமாகவே இருக்கும். அசைந்த படத்தைச் சீர்செய்வது அரிது.

கை அசைவைப் பற்றி ஒரு பழைய கணக்கு இன்றும் செல்லும். 35 மி.மீ. கணக்கில் லென்சின் அளவு எவ்வளவோ, ஷட்டர் வேகம் ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்காகவாவது இருக்க வேண்டும்: 28 மி.மீ. அளவில் 1/30, ஜூமை நீட்டி 140 மி.மீ.க்குச் சென்றால் 1/150 நொடியை ஒட்டி. கேமராவில் அசைவுத் தடுப்பு வசதி இருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலும் எடுக்கலாம், ஆனால் அது நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும், எதிரில் ஓடுபவரை நிறுத்திவைக்காது. கேமராவை நீட்டிய கைகளில் பிடிக்காமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி அழுத்துங்கள். சுவரிலோ தூணிலோ தோளைச் சாய்த்துக்கொள்வது மேலும் நல்லது. மிக மங்கிய இடத்தில் கேமராவை ஒரு மேசைமேல் வைத்து, அழுத்திய பின் இரண்டு நொடி கழித்துப் படமெடுக்கும் செல்ஃப் டைமரை இயக்கினால், பொத்தானை அழுத்தும் அசைவுகூடப் படத்தில் சேராது. முழு நொடி வரை நீளும் பதிவுகளும் கூர்மையாக வரும்.

ஃபிளாஷும் ஜூமும்

ஃபிளாஷைத் தானியங்கி நிலையில் விட்டுவைப்பது பல படங்களைக் கெடுக்கிறது. சிறு கேமராவின் ஃபிளாஷ் மூன்று மீட்டர் அளவுக்கே நன்றாக எட்டும். தொலைவு இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், அரங்கின் கடைசி வரிசையிலிருந்து அதை அடிப்பதில் எந்தப் பயனும் இல்லை. பக்கத்திலுள்ள முகத்தில் நேராக அடித்தால் முகம் வெளுத்து, பின்புலம் இருண்டு, ஃபிளாஷ் லென்சுக்கு மிக அருகில் இருப்பதால் விழித்திரையில் பட்ட ஒளி திரும்பிவந்து கண்கள் சிவக்கும். எனவே இயல்பாக அதை அணைத்தே வைத்திருங்கள். அதே ஃபிளாஷைப் பட்டப்பகலில் வேண்டுமென்றே எரியவைப்பதுதான் சிறந்த பயன்பாடு: வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் விழுந்த நிழலை அது நிரப்பிவிடும்.

ஜூமை நீட்டும்போது காட்சி அருகில் வருவதோடு துளையும் சுருங்குகிறது. அகலக் கோணத்தில் எஃப் 2.8 ஆக இருந்தது நீட்டிய நிலையில் எஃப் 5.6 ஆனால், உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். மங்கிய அறையில் ஜூம் செய்த படங்கள் அசைந்துபோவதன் காரணம் இதுவே. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஜூமைச் சுருக்கி, நடந்து அருகில் செல்லுங்கள். முகங்களுக்கு மட்டும் இதற்கு விதிவிலக்கு உண்டு. அரை மீட்டர் தொலைவில் அகலக் கோணத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூமை ஓரளவு நீட்டினால் முகத்தின் இயல்பான அளவுகள் கெடாது.

மிக அருகிலிருந்து எடுப்பதற்கான, பூக்குறி இட்ட மேக்ரோ முறையில் பல கேமராக்கள் சில சென்டிமீட்டர் தொலைவு வரை நெருங்கும். அந்த மிகச் சிறிய தொலைவு பெரும்பாலும் ஜூமைச் சுருக்கிய நிலைக்கே பொருந்தும். கேமராவின் நிழல் பொருள்மேல் விழாதபடி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டகம்

திரையிலுள்ள கட்டக்கோடுகள் சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கின்றன. முக்கியமானதை நடுவில் நிறுத்தாமல் அந்தக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஒன்றில் வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் அதைக் காட்டிலும் பயனுள்ளதாக நான் கருதுவது, அழுத்தும் முன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வருவது. நம் கண் முகத்தில் மட்டும் நிலைத்திருக்கும். தலைக்குப் பின்னால் முளைத்ததுபோல நிற்கும் கம்பத்தையும், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒருவரின் கையையும் கேமரா விடாமல் பதிவு செய்துவிடும். ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் பெரும்பாலும் அவை விலகிவிடும். குழந்தைகளை எடுக்கும்போது மண்டியிட்டு அவர்களுடைய கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நிற்கும் ஒரு மனிதருக்கோ மரத்துக்கோ கேமராவை நெடுக்காகத் திருப்பத் தயங்காதீர்கள்.

ஒயிட் பேலன்சைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. பகலில் தானியங்கி நிலையே போதும். குண்டு பல்பின் வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாக வந்தால் பல்ப் குறியுள்ள நிலைக்கு மாற்றுங்கள். மாலை ஒளியின் பொன்னிறத்தைக் கேமரா திருத்திக் குளிர்ச்சியாக்கிவிட்டால் வெயில் குறியுள்ள நிலை அதைக் காப்பாற்றித் தரும்.

பயிற்சியும் பரிசீலனையும்

ஒரு வாரத்துக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: வாசலில் நிற்கும் மரம், ஒரு நாற்காலி, ஒரு படிக்கட்டு. அதைக் காலையிலும் உச்சியிலும் மாலையிலும், அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும், ஒளிக்கு எதிரேயும் ஒளியோடு சேர்ந்தும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றினால்தான் எது எந்த விளைவைத் தந்தது என்று பிரித்தறிய முடியும்.

எடுத்தவற்றைக் கேமராவின் சிறு திரையில் அவசரமாகப் பார்த்து அழித்துவிடாமல், கணினியின் பெரிய திரையில் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எக்சிஃப் என்ற பதிவில் துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, லென்சின் நிலை, ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா என்பன எழுதப்பட்டிருக்கும். கெட்டுப்போன படத்தில்தான் இந்தப் பதிவு அதிகம் பேசும். படம் மங்கலாக இருந்து, வேகம் 1/8 நொடி என்று இருந்தால் காரணம் அசைவு. வேகம் 1/250 ஆக இருந்தும் முகம் மட்டும் மங்கலானால் ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கிறது, படத்தில் எது தெளிவாக இருக்கிறது என்று தேடினால் அந்த இடமும் தெரிந்துவிடும். ஒரு தொகுதியிலிருந்து இரண்டு மூன்று படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஓரிரு வரிகளில் எழுதிவையுங்கள்.

இப்படிப் பழகிவரும்போது கேமராவின் எல்லைகளை நீங்களே கண்டுகொள்வீர்கள். பறக்கும் பறவைகளை ஃபோகஸ் எட்டிப்பிடிக்கவில்லை, மங்கிய மேடையில் ஐஎஸ்ஓ போதவில்லை, முகத்துக்குப் பின்னாலுள்ள கூட்டத்தைக் கரைக்க முடியவில்லை என்று குறிப்பாகச் சொல்லும் நிலை வந்த பிறகு வேறு கேமராவைப் பற்றி யோசிக்கலாம். அப்போது உங்களுக்கு வேண்டியது வேகமான ஃபோகஸா, பெரிய சென்சாரா, விரிந்த துளையுள்ள லென்சா என்பதை உங்கள் படங்களையே வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.